ஒரு நூல் மேலே

கயானியில் இன்று மைனஸ் இருபத்தேழு.
மூன்றாம் இரவாக மேசைக்கு அடியில் கிடக்கிறார் ஆர்ரே.
கால்கள் மட்டும் வெளியே.
இடது காலுறையில் ஓட்டை.

ஸ்பீக்கர் உறுமுகிறது.
பாட்டுப் போட்டாலும் உறுமுகிறது, போடாவிட்டாலும்.
மவுஸை நகர்த்தினால்
உறுமலுக்கு மேலே பொடிப்பொடியாய் ஒரு கீச்.

"டிரைவரை மாற்றிப் பார்த்துவிட்டேன்"
என்கிறது மேசை.
எனக்குத் தெரிந்த டிரைவர்
நாலாம் நம்பர் பஸ் ஓட்டுகிறவர்.
அவரை ஏன் மாற்ற வேண்டும்?

பின்பு கட்டங்கள்.
அடியொலியைக் கூட்டு, அறையைப் பெரிதாக்கு, ஒலிக்கு மெருகு பூசு:
போட்டிருந்த டிக்கையெல்லாம் ஒவ்வொன்றாய் எடுத்தார்.
நாற்பத்தெட்டாயிரத்தை
நாற்பத்து நாலாயிரத்து நூறாகக் குறைத்தார்.
ரொட்டி மாவுக்கு இப்படித் தண்ணீர் அளந்தால்
எனக்கு வேலை போய்விடும்.
முன்துளையில் இருந்த வயரைப் பின்துளைக்கு மாற்றினார்.
என் ஹேர் டிரையரைச் சந்தேகப்பட்டார்.
கீழே சவுனாவின் அடுப்பைச் சந்தேகப்பட்டு
இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார்.
துண்டைச் சுற்றிக்கொண்டு ரௌஹா எட்டிப் பார்த்து,
"என் முறை வியாழன் மட்டும்தான்.
உங்கள் வீடு தினமும் அல்லவா உறுமுகிறது?"

அவசரம் அவருக்கு.
மார்ச்சில் பாடகர் குழுவின் விழா.
ஒத்திகையைப் பதிவு செய்து
எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள் சினிக்கா,
ஒற்றை வரியோடு:
'அடிக்குரல் வரிசையில் யாரோ சுருதியைத் தூக்குகிறீர்கள்.
வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள்.'

யாரோ என்ன யாரோ, தைஸ்தோதான்.
மரம் அறுக்கிற தொண்டை அது.
சாட்சி வேண்டும், அவ்வளவுதான்.
சாட்சியின் வாயை
உறுமல் பொத்திக்கொண்டிருக்கிறது.

நான்காம் இரவு
தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
சுவரோரம் எதுவோ காலைத் தட்டியது.
டிவி ஆன்டெனாவின் வயர்.
ஐஸ் ஹாக்கியைப் பதிவு செய்ய
நவம்பரில் கம்ப்யூட்டரோடு அவர் கோத்தது.
தூக்கக் கோபத்தில் பிடுங்கினேன்.

நின்றது.

ஃப்ரிட்ஜ் மூச்சு விடுவது கேட்டது.
ஜன்னலில் பனி விரிகிற மெல்லிய சத்தம்.
மேசைக்கு அடியில் ஆர்ரே எச்சில் விழுங்கினார்,
அதுவும் கேட்டது.

மண்ணை இரண்டு இடத்தில் தொட்டிருக்கிறதாம் அந்தப் பெட்டி,
நடுவில் மின்சாரம் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறதாம்.
ரெண்டு வீடு வைத்தவன்
எந்த வீட்டில் நிம்மதியாய்த் தூங்கினான்?

பதிவைப் போட்டார்.
இருபத்தெட்டுத் தொண்டைகள்.
தைஸ்தோ ஆணி அடித்தாற்போல் அதே இடத்தில்.
அவருக்குப் பக்கத்தில் ஒரு குரல்,
நல்ல குரல்தான், நான் கல்யாணம் செய்துகொண்ட குரல்,
ஒரு நூல் மேலே.
தாழ்ந்த ஸ்தாயியில் எங்கே தொட்டாலும்
அதே ஒரு நூல்.

மறுபடி போட்டார்.
மறுபடி.
நான் எதுவும் சொல்லவில்லை.
இருபத்தாறு வருஷத்தில்
சொல்லாமல் இருக்கக் கற்றது அதிகம்.

விடிகிற நேரத்தில் அவரே கணக்குப் போட்டார்.
மின்சாரம் வினாடிக்கு ஐம்பது முறை ஆடுகிறது.
அந்த ஐம்பது எந்த ஸ்வரத்திலும் சரியாய் உட்காராது,
அவர் பாட வேண்டிய ஸ்வரத்தைத் தாண்டி
ஒரு பிசிறு நீட்டிக்கொண்டு நிற்கும்.
இரண்டு மாதமாய்
அந்த உறுமலைச் சுருதிப்பெட்டியாக்கிச்
சாதகம் செய்திருக்கிறார் மனிதர்.
பழுதோடு அவ்வளவு ஒத்துப்போய்.

வியாழக்கிழமை
ஒரு பாட்டில் மஞ்சள் பழ ஜாம் எடுத்துக்கொண்டு
தைஸ்தோ வீட்டுக்குப் போனார்.
எதற்கு என்று தைஸ்தோ கேட்கவில்லையாம்.
கேட்டிருந்தால்
வயர் மேல் பழி போட்டிருப்பார்.

எனக்கு மூன்று மணிக்கு வேலை.
பேக்கரியில் மாவு பிசைகிற இயந்திரமும்
அந்த ஐம்பதில்தான் முனகுகிறதாம்.
பத்தொன்பது வருஷமாய்
கூடவே முணுமுணுத்துக்கொண்டிருக்கிறேன்.
நல்லவேளை,
யாரும் பதிவு செய்யவில்லை.